இரும்புக்குப் பொறந்த பாட்டு!

முதல்ல ஒரு வீட்டைப் பார்த்துட்டு வந்துடுவோமா? கலிஃபோர்னியாவில் மாலிபு. கீழே ஸூமா பீச், எதிரே பசிபிக் கடல், மேட்டு மேல ஒரு வெள்ளை வீடு. உள்ளே போனா சுவரும் வெள்ளை. தோட்டத்தில் ஒரு பழைய பஸ் ஓய்வெடுத்துட்டு நிக்குது... ஒரு காலத்தில் பாப் டிலன் டூர் போன பஸ்ஸாம்! வீட்டுக்குப் பேர் ஷாங்ரி-லா. 1970-களில் 'தி பேண்ட்' குழு இதை ரெக்கார்டிங் ஸ்டுடியோவாக மாத்துச்சு. 2011-ல் ரிக் ரூபின்ங்கிற தாடிக்கார தயாரிப்பாளர் வாங்கினார்.

2012 ஆகஸ்ட்டில் இந்த வீட்டுக்கு மூணு பேர் வந்தாங்க. ஒருத்தருக்கு வயசு 64, மத்த ரெண்டு பேருக்கும் 63. டோனி அயோமி, கிடார். கீஸர் பட்லர், பேஸ் கிடார். ஓஸி ஆஸ்போர்ன், பாட்டு. அதாவது, பிளாக் சபாத்! ஹாஸ்டலில் எவனாவது ஒருத்தன் துவைக்காமலே போட்டுட்டுத் திரிவானே கறுப்பு டி-ஷர்ட்... அதுல இருக்குற பேர்தான். ஹெவி மெட்டல்னு இன்னிக்கு நாம் சொல்ற சமாசாரத்தை ஆரம்பிச்சு வெச்ச கைகள் இவங்களோடது. மூணு பேரும் சேர்ந்து ஒரு முழு ஸ்டுடியோ ஆல்பம் போட்டது 1978-ல். அதுக்கப்புறம் 35 வருஷம் கழிச்சு வரப்போற ஆல்பத்துக்காகத்தான் இந்த வருகை.

ரூபின் தன் பங்குக்கு அவங்களுக்கு ஒரு ஹோம்வொர்க் வெச்சிருந்தார். மூணு பேரையும் உட்கார வெச்சு, அவங்களோட முதல் ஆல்பத்தைப் போட்டுக் காட்டினார். 'ஹெவி மெட்டல்னு ஒண்ணு உலகத்துல இருக்கிறதையே மறந்துடுங்க. இதை வாசிச்சப்ப எப்படி இருந்தீங்களோ அப்படி வாசிங்க'ங்கிற மாதிரிதான் அவர் பேச்சு இருந்தது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, 20 வயசுல எப்படி இருந்தோம்னு 64 வயசுல எங்கே போய்த் தேடறது?

மாலிபுவில் அதுக்குப் பதில் கிடையாது. அங்கே வெயிலும் கடலும்தான் இருக்கு. பதில் இருக்கிற ஊர் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். வாங்க, போயிட்டு வந்துடுவோம். ஸ்வெட்டர் எடுத்துக்குங்க.

பர்மிங்ஹாம், நியூ ஸ்ட்ரீட் ஸ்டேஷன். ரயிலை விட்டு இறங்கி மேலே வந்தா, கூடத்தின் நடுவில் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு இயந்திரக் காளை! தலையைத் திருப்பும். கண்ணை உருட்டும். 2022 காமன்வெல்த் போட்டிகளின் தொடக்க விழாவுக்காகச் செய்த காளை இது. இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் கொல்லுப் பட்டறையில் சங்கிலி அடிச்ச பெண்கள் அந்த விழாவில் இந்தக் காளையை இழுத்துட்டு வர்ற மாதிரி காட்டினாங்க. விழா முடிஞ்சதும் தூக்கிப் போட மனசு வராம, 2023-ல் ஸ்டேஷனில் கொண்டுவந்து நிறுத்திட்டாங்க. பேர் வைக்கணுமேன்னு மக்கள்கிட்ட ஓட்டுக் கேட்டாங்க. ஜெயிச்ச பேர், 'ஓஸி'. ஒரு ஊர் தன் ரயில்வே ஸ்டேஷன் காளைக்கு, சின்ன வயசில் திருடிட்டு ஜெயிலுக்குப் போன ஒரு பையன் பேரை வைக்குதுன்னா, அந்த ஊர் மேல நமக்கு ஒரு மரியாதை வருதா இல்லையா?

ஸ்டேஷன் முதுகுப் பக்கம் வெளியே வந்தா ஸ்டேஷன் ஸ்ட்ரீட். மூலையில் 'தி கிரவுன்'னு ஒரு பழைய பப் கட்டடம். 2014-ல் இதை மூடினாங்க. இதோட மாடியில்தான் 1968-ல் ஜிம் சிம்ப்சன் 'ஹென்றிஸ் புளூஸ்ஹவுஸ்'னு ஒரு கிளப் நடத்தினார். நம்ம நாலு பசங்களும் அப்ப 'எர்த்' என்ற பேரில் புளூஸ் வாசிச்சுட்டிருந்தாங்க. வாசிச்ச ஆரம்ப மேடைகளில் இதுவும் ஒண்ணு. சிம்ப்சனே பிறகு அவங்க மேனேஜர் ஆனார். நாலாவது ஆள் யாருன்னு கேக்கறீங்களா? டிரம்மர் பில் வார்டு. மாலிபு வீட்டுக்கு வந்தவங்க லிஸ்ட்டில் அவர் பேர் இல்லைங்கறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னாடி வரும்.

இப்ப லோக்கல் ரயில் பிடிங்க. பத்து நிமிஷத்துக்குள்ள ஆஸ்டன்.

சொல்லிடறேன், ஆஸ்டன் டூரிஸ்ட் ஸ்பாட் கிடையாது. பார்க்க வேண்டிய இடங்கள்னு போட்டிருக்கிற பட்டியலில் ஆஸ்டன் ஹாலும் வில்லா பார்க் ஃபுட்பால் மைதானமும் இருக்கும். மத்தபடி நெருக்கமான செங்கல் வீடுகள், மேலே ஒரு பெரிய நெடுஞ்சாலை. இந்த ஊரை மூக்கால் கண்டுபிடிச்ச காலம் ஒண்ணு இருந்தது. ஒரு பக்கம் ஹெச்.பி. சாஸ் ஃபேக்டரியிலிருந்து வினிகர் வாசம், இன்னொரு பக்கம் ஆன்செல்ஸ் மதுபான ஆலையிலிருந்து பீர் வாசம். ஆன்செல்ஸ் 1981-ல் மூடியாச்சு. சாஸ் ஃபேக்டரி 2007-ல் நெதர்லாந்துக்குக் கிளம்பிடுச்சு. வாசம் போச்சு, வேலையும் போச்சு.

நாலு பேரும் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பசங்கதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் குண்டு விழுந்து இடிஞ்ச இடங்கள்தான் அவங்க விளையாட்டு மைதானம். லாட்ஜ் ரோட்டில் ஒரு குட்டி வீட்டில் ஓஸி வளர்ந்தார். ஆறு பிள்ளைங்க, டாய்லெட் வீட்டுக்கு வெளியே. அப்பா ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட், அம்மா லூகாஸ் கம்பெனியில் வேலை. வில்லா பார்க்கில் மேட்ச் நடக்கிற அன்னிக்கு, பார்க்க வர்றவங்க காருக்குக் காவல் நின்னு சில்லறை வாங்குவார் சின்ன ஓஸி. பெரியவன் ஆனதும் லூகாஸில் கார் ஹாரனுக்குச் சுருதி சேர்க்கிற வேலை. (உலகத்துலயே சத்தமான பாட்டுக்காரருக்கு முதல் டிரெயினிங்கே ஹாரன்! சும்மா சொல்லலை, நிஜம்.) அப்புறம் ஆடு மாடு வெட்டுற கூடத்தில் வேலை. அப்புறம் திருட்டு. அபராதம் கட்ட அப்பா மறுத்துட்டார். வின்சன் கிரீன் ஜெயிலில் ஆறு வாரம் போல உள்ளே.

கீஸர் பட்லர் அயர்லாந்து வம்சாவளிக் கத்தோலிக்கக் குடும்பம். கணக்கு எழுதற ஆபீஸில் டிரெயினிங் போனவர். பேண்டில் புத்தகம் படிக்கிற ஆளும் அவர்தான், பாட்டு வரிகளில் பெரும்பாலானதை எழுதினவரும் அவர்தான். அயோமியோட அப்பா-அம்மா பார்க் லேனில் கடை வெச்சிருந்தாங்க. ஓஸி படிச்ச பள்ளிக்கூடத்தில் அயோமி ஒரு வருஷ சீனியர்... சின்ன பசங்களை மிரட்டுற சீனியர். பின்னாடி மியூஸிக் கடையில் 'பாட வாய்ப்பு வேணும்'னு ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து அயோமியும் வார்டும் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட, திறந்தது ஓஸி. அயோமி முகம் போன போக்கைக் கற்பனை பண்ணிக்குங்க!

இப்ப முக்கியமான சம்பவத்துக்கு வருவோம். அயோமிக்கு 17 வயசு. ஷீட் மெட்டல் ஃபேக்டரியில் வெல்டிங் வேலை. ஒரு பேண்டோட ஜெர்மனி டூர் போற வாய்ப்பு வந்ததால வேலையை விட்டாச்சு. அன்னிக்குத்தான் கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், 'இனிமே போகலைம்மா' என்றார். 'ஒத்துக்கிட்ட வேலையை முழுசா முடிச்சுட்டு வா'ன்னு அம்மா திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னிக்கு பிரெஸ் மெஷினில் நிக்கவேண்டிய ஆள் லீவு. இவரை நிறுத்தினாங்க. பழக்கமில்லாத மெஷின். மேலேயிருந்து இறங்குச்சு. வலது கையின் நடுவிரல், மோதிர விரல்... ரெண்டோட நுனியும் போச்சு.

அயோமி இடது கைக்காரர். அதாவது கிடாரில் தந்தியை அழுத்திப் பிடிக்கிற கை, அவருக்கு வலது கைதான். டாக்டர்கள் வாசிப்பை மறந்துடச் சொன்னாங்க. வீட்டில் முடங்கிக் கிடந்தவரைப் பார்க்க ஃபேக்டரி ஃபோர்மேன் ஒரு இசைத்தட்டோட வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசிச்சது. 'இவர் தீ விபத்தில் ரெண்டு விரல் செயலிழந்து, மிச்ச விரல்களை வெச்சு வாசிக்கிறார், கேளு' என்று போட்டுக் காட்டினார்.

அதுக்கப்புறம் அயோமி பண்ணினது பக்கா ஃபேக்டரி வேலை. பாத்திரம் கழுவற திரவம் வர்ற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி செஞ்சார். சூடு பண்ணி, தேய்ச்சு, அளவு பார்த்து. வழுக்காம இருக்கப் பழைய லெதர் ஜாக்கெட்டை வெட்டி மேலே ஒட்டினார். வழக்கமான தந்தி விரலுக்குத் தாங்கலை. மெலிசான தந்தி அப்ப கடையில் கிடைக்காது. பேஞ்ஜோ தந்தியை வாங்கிக் கட்டினார். 1971-ல் மூணாவது ஆல்பத்தில் கிடாரோட சுருதியையே ஒண்ணரை ஸ்டெப் இறக்கினார். தந்தி தளர்ந்தது, விரல் வலி குறைஞ்சது. கூடவே சத்தமும் பாதாளத்துக்குப் போச்சு. இன்னிக்கு உலகம் பூரா மெட்டல் பேண்டுகள் சுருதியை இறக்கி வாசிக்குதுன்னா, அதுக்கு ஒரு காரணம் ஆஸ்டன் பையன் ஒருத்தனுக்கு விரல் வலிச்சதுதான்.

கர்னாடக சங்கீதம் கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கு ஒரு தகவல். முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு மூணே ஸ்வரத்தில் நிக்குது. கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், பிரதி மத்யமம். அவ்வளவுதான். ஸட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியை ஐரோப்பாவில் சாத்தானோட இடைவெளின்னு சொல்வாங்க. நமக்கு அது கல்யாணி ராகத்துல மங்களகரமா வர்ற சமாசாரம்! ஆனா, மழைச் சத்தம், ஒரு சர்ச் மணி, அப்புறம் அயோமி அந்த மூணு ஸ்வரத்தை நிதானமா, கனமா இறக்குறதைக் கேட்டுப் பாருங்க. ராத்திரி ரெண்டு மணிக்குத் தனியா கேக்காதீங்க.

அந்த ஆல்பத்தை 1969 கடைசியில் லண்டனில் ஒரே நாளில், சுமார் 12 மணி நேரத்தில் ரெக்கார்ட் பண்ணிட்டு, ஐரோப்பாவில் வாசிக்கக் கப்பல் ஏறிப் போயிட்டாங்க. மழையும் மணியும் அவங்க போனப்புறம் சேர்த்தது. 1970 பிப்ரவரி 13-ம் தேதி, வெள்ளிக்கிழமை, ரிலீஸ். நாலு பேருக்கும் உங்க வயசுதான்.

இப்ப புரியுதா, ரூபின் கேட்ட ஹோம்வொர்க் எவ்வளவு கஷ்டம்னு? முதல் தடவை 12 மணி நேரம் போதும், ஏன்னா வேற வழியே இல்லை. ஃபேக்டரிக்குத் திரும்பிப் போகக் கூடாதுங்கிற பயம் ஒண்ணு போதும். 2012-ல் அவங்க யாருக்கும் அந்தப் பயம் கிடையாது. ஆனா, வேற ஒரு பயம் வந்து சேர்ந்தது.

2011 நவம்பர் 11-ம் தேதி 'நாலு பேரும் சேர்றோம், ஆல்பம் வருது' என்று லாஸ் ஏஞ்சலஸில் அறிவிச்சாங்க. ரெண்டு மாசத்தில் அயோமிக்கு லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய்னு தெரிஞ்சுது. அவரால அமெரிக்காவில் தங்க முடியாது, சிகிச்சை இங்கிலாந்தில். அப்ப மத்தவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? பெட்டியைத் தூக்கிட்டு இங்கிலாந்துக்கு வந்துட்டாங்க. கீமோ எடுத்துக்கிட்டு நொந்து போயிருந்த மனுஷன் வீட்டில் இருந்த ஸ்டுடியோவில் உட்கார்ந்து பாட்டுகளைத் தேத்தினாங்க. மாலிபு வீட்டுக்குப் போனதெல்லாம் அப்புறம்தான். அங்கேயும் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை சிகிச்சைன்னு அயோமியோட காலண்டரில் வட்டம் போட்டிருக்கும். பிளேன் ஏறி ஊருக்குப் போவார், மருந்து ஏத்திப்பார், திரும்புவார்.

பில் வார்டு வரலை. தனக்குக் கொடுத்த ஒப்பந்தம் நியாயமா இல்லை, கையெழுத்துப் போட முடியாதுன்னு 2012 பிப்ரவரியில் அறிக்கை விட்டார். அவர் உடம்பு இந்த வேலைக்குத் தாங்காதுன்னு ஓஸி பின்னாடி சொன்னார். ரெண்டு பக்கமும் பேட்டி மேல பேட்டி. நாற்பது வருஷ சிநேகிதம் வக்கீல் நோட்டீஸ் பாஷையில் பேசிக்கிட்டா கேக்கவே சங்கடமா இருக்கும், அதை விட்டுடுவோம். டிரம்ஸுக்கு யாருன்னு கேள்வி வந்தப்ப, ரூபின் முதலில் சொன்ன பேர் ஜிஞ்சர் பேக்கர்! 'கிரீம்' பேண்டின் அந்த முரட்டுத் தாத்தா. மத்தவங்க ஆடிப்போயிட்டாங்க. கடைசியில் 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின்' பேண்டின் பிராட் வில்க் வந்தார். வெள்ளை வீட்டில் நாலு பேரும் ஒரே ரூமில் சேர்ந்து நின்னு வாசிச்சாங்க. தனித்தனியா வாசிச்சு கம்ப்யூட்டரில் ஒட்டுற வேலை வேணாம்னு ரூபின் கறாரா சொன்னதால. 2013 ஜனவரி வரை இழுத்தது.

ஆல்பம் பேர் '13'. எட்டுப் பாட்டு, ஐம்பத்து மூணு நிமிஷம். எப்படி இருக்கு? உள்ளதைச் சொல்லிடறேன். முதல் பாட்டு, 1970-ன் முதல் பாட்டைப் பக்கத்தில் வெச்சுட்டுப் பார்த்து எழுதின மாதிரியே இருக்கும். 'ஸைட்கைஸ்ட்'டைக் கேட்டா, ரெண்டாவது ஆல்பத்தின் 'பிளானட் காரவன்' தம்பின்னு தெரிஞ்சுடும். சத்தத்தை வேற ஒரேயடியா ஏத்தி, நசுக்கி வெச்சுட்டாங்க, காது சீக்கிரம் களைச்சுப் போகும். வில்க் நல்லாத்தான் அடிக்கிறார். ஆனா வார்டு, ஜீன் குரூபா மாதிரி ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். எவ்வளவு கனமா அடிச்சாலும் அதில் ஒரு ஊஞ்சல் ஆடும். அந்த ஊஞ்சல் இங்கே இல்லை.

ஆனா, ஏழாவது பாட்டு 'டேமேஜ்டு ஸோல்' வரைக்கும் பொறுமையா வாங்க. அது பழைய, அழுக்கான, மெதுவான புளூஸ். ஓஸி ஹார்மோனிகாவை எடுத்து ஊதறார். அயோமி அவசரமே இல்லாம வாசிக்கிறார். யாரும் யாரையும் காப்பி அடிக்கலை, ஹோம்வொர்க்கும் ஞாபகம் இல்லை. கிரவுன் பப் மாடியில் வாசிச்ச பசங்க ஒரு எட்டு நிமிஷம் மாலிபுவுக்கு வந்துட்டுப் போறாங்க. கீமோ ஏத்திக்கிட்ட ஒருத்தர், பிளாஸ்டிக் விரலோட வாசிச்சது இது. இந்த ஒரு பாட்டுக்காகவே ஆல்பத்தை நான் மன்னிச்சுட்டேன்.

2013 ஜூன் 10-ம் தேதி வெளியானது. பிரிட்டனில் நம்பர் 1! அதுக்கு முன்னாடி அவங்க அங்கே முதலிடம் பிடிச்சது 1970-ல், 'பாரனாய்டு' ஆல்பத்துக்கு. கிட்டத்தட்ட 43 வருஷ இடைவெளி. அமெரிக்காவில் முதலிடம் வந்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. 2014 ஜனவரியில் 'காட் இஸ் டெட்?' பாட்டுக்கு கிராமி. அயோமியின் நோயும் அடங்கினது. 2017 பிப்ரவரி 4-ம் தேதி பர்மிங்ஹாமிலேயே கடைசி கச்சேரி வாசிச்சு, டூருக்கு 'தி எண்ட்'னு போர்டு மாட்டினாங்க. அதிலும் வார்டு இல்லை.

ஆனா, முடியலை.

ஆஸ்டனிலேயே நில்லுங்க. லாட்ஜ் ரோட்டிலிருந்து நடந்தே வில்லா பார்க் போயிடலாம். 2025 ஜூலை 5-ம் தேதி, காருக்குக் காவல் நின்ன அதே மைதானத்தின் நடுவில், ஓஸி ஒரு கறுப்பு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். பார்க்கின்சன் நோய், நிக்க முடியலை. ரெண்டு பக்கமும் அயோமி, பட்லர். பின்னாடி சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு, பில் வார்டு! இருபது வருஷத்துக்குப் பிறகு நாலு பேரும் ஒரே மேடையில். வசூல் பார்க்கின்சன் சிகிச்சை ஆராய்ச்சிக்கும், பர்மிங்ஹாம் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும், நோயுற்ற பிள்ளைகளுக்கான ஒரு காப்பகத்துக்கும். மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோஸஸ் எல்லாம் அன்னிக்கு முன்னாடி வாசிச்சுட்டுப் போன விருந்தாளிங்க.

சபாத் வாசிச்சது நாலே பாட்டு. 'வார் பிக்ஸ்', 'என்.ஐ.பி.', 'அயர்ன் மேன்', 'பாரனாய்டு'. நாலும் 1970-ல் வந்த ரெண்டு ஆல்பங்களில் இருந்து. ரெண்டு கண்டத்தில் உட்கார்ந்து, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை பறந்து, நம்பர் 1 வரை போன '13'-லிருந்து ஒண்ணுகூட இல்லை. அந்த வெற்றி நிஜம். ஆனா அது வார்டு இல்லாத வெற்றி. வார்டு டிரம்ஸ் முன்னாடி உட்கார்ந்திருக்கிற ராத்திரியில் அதை எப்படி வாசிப்பாங்க?

பதினேழு நாள் கழிச்சு, ஜூலை 22-ம் தேதி, ஓஸி 76 வயதில் காலமானார்.

திரும்ப ரயிலேறி நகரத்துக்கு வந்தீங்கன்னா, பிராட் ஸ்ட்ரீட்டில் ஒரு கால்வாய்ப் பாலம் இருக்கு. (வெனிஸைவிட எங்க ஊர்ல கால்வாய் அதிகம்னு இங்கே யாராவது ஒருத்தர் கண்டிப்பா உங்ககிட்ட சொல்வார். தலையாட்டிடுங்க, பெருமைப்படட்டும்.) அந்தக் கால்வாய்களில்தான் ஃபேக்டரிகளுக்கு நிலக்கரியும் இரும்பும் படகில் போச்சு. 2019-ல் பாலத்துக்கு 'பிளாக் சபாத் பாலம்'னு பேர் வெச்சு, நாலு பேர் முகமும் பொறிச்ச ஒரு பெஞ்சும் போட்டாங்க. கவனிங்க, அது ஒப்பந்தச் சண்டைக்கு அப்புறம் போட்ட பெஞ்ச். ஆனாலும் நாலு முகம். ஜூலை 30-ம் தேதி ஓஸியின் இறுதி ஊர்வலம் இந்தப் பாலத்தில்தான் நின்னது. ஒரு பித்தளை வாத்தியக் குழு முன்னாடி வாசிச்சுட்டு வந்தது. பெஞ்ச் தெரியாத அளவுக்குப் பூ.

அந்த பெஞ்சில் உட்காருங்க. ஹெட்ஃபோனை மாட்டி, '13'-ன் கடைசிப் பாட்டு 'டியர் ஃபாதர்' போடுங்க. ஏழு நிமிஷத்துக்கு மேல போகும். கிடார் நின்னதும் எடுத்துடாதீங்க. மழைச் சத்தம் கேக்கும், தூரத்தில் ஒரு சர்ச் மணி அடிக்கும். 1970 ஆல்பம் ஆரம்பிக்குமே, அதே மழை, அதே மணி.

ஒருவேளை ஹெட்ஃபோனைக் கழட்டின பிறகும் மழைச் சத்தம் நிக்கலைன்னா பயப்படாதீங்க, அது பர்மிங்ஹாம். ஸ்டேஷன் பத்துப் பதினைஞ்சு நிமிஷ நடைதான். குடையை விரிச்சுட்டுக் கிளம்புங்க.